பழைய லேண்ட் ரோவருக்கு வேறு ஆக்ஸில்

1970ஆம் வருஷம் ரேஞ்ச் ரோவர் என்னும் வண்டி இங்கிலாந்தின் ஸொலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது, அதே தொழிற்சாலையில் பிறந்த லேண்ட் ரோவரை அதுகாறும் பெருமையோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் உள்ளத்தில் ஓர் ஆசை குடிகொள்ளலாயிற்று. ஸ்பென் கிங் என்ற இஞ்சினியரின் தலைமையில் உருவான அப்புதிய வண்டி, நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், எக்காலத்தும் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே இழுக்கும் ஏற்பாடு ஆகிய அம்சங்களோடு வந்தது. லேண்ட் ரோவர் தடதடவென்று குதித்துக் கடக்கும் பாறை நிலத்தை அது சாவகாசமாகத் தடவிச் சென்றது. சாதாரண லேண்ட் ரோவருக்கும் அந்தச் சுருள் ஸ்பிரிங்கைத் தர வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்து, ஒன் டென் என்ற வண்டியை வெளியிட 1983ஆம் வருஷம் ஆயிற்று. அதுவரை காத்திருக்க மனமில்லாத பலர், உடல் துருப்பிடித்துக் கழித்துப் போடப்பட்ட ரேஞ்ச் ரோவர்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் ஆக்ஸில்களையும் ஸ்பிரிங்குகளையும் தங்கள் பழைய வண்டிகளில் பொருத்திக்கொள்ளத் தலைப்பட்டனர். இன்றைக்கும் பழைய வண்டிப் பிரியர்களிடையே அந்த வழக்கம் இருந்து வருகிறது.

லேண்ட் ரோவருக்குப் பட்டை ஸ்பிரிங் வந்த வரலாறு சிறியது. ரோவர் கம்பெனியின் தலைமை இஞ்சினியரான மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்த உபரியான ஒரு வில்லிஸ் ஜீப்பை உபயோகித்து வந்தார். அதைப் பார்த்தே 1947இல் லேண்ட் ரோவருக்கு உருக்கொடுத்தார். 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அவ்வண்டியின் உடல், எஃகுப் பஞ்சத்தின் காரணமாக அலுமினியக் கலவைத் தகட்டால் ஆனது. அடிப்பகுதியோ ஜீப்பின் வழியிலேயே அமைந்தது: முன்னும் பின்னும் குறுக்கே ஒரு முழு ஆக்ஸில், ஒவ்வோர் ஆக்ஸிலின் இரு புறத்திலும் பட்டை ஸ்பிரிங்.

இந்தப் பட்டை ஸ்பிரிங்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நீளத்தில் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் ஒரு போல்ட்டால் கோக்கப்பட்டு, அந்த நடுப்பகுதி யூ போல்ட்டுகளால் ஆக்ஸிலோடு இறுக்கப்பட்டிருக்கும். தலைப்பட்டையின் ஒரு முனை சேஸியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க, மறு முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் துண்டின் மூலம் தொங்கும். பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது அதன் நீளம் அதிகமாவதால், அந்த ஊசல் இல்லாவிட்டால் பட்டை முறிந்துவிடும். இவ்வளவு எளிய சாதனம் மூன்று காரியங்களை ஏககாலத்தில் செய்கிறது. பாரத்தைத் தாங்குவது ஒன்று. ஆக்ஸில் முன்பின்னாக நகராமலும், பக்கவாட்டில் விலகாமலும், இஞ்சின் முறுக்கும்போது தானே புரண்டுவிடாமலும் அதை இருக்க வேண்டிய இடத்தில் பிடித்து வைப்பது மற்றொன்று. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டத்தைத் தணிப்பது மூன்றாவது. கிராமத்து ஓராசிரியர் பள்ளியில் ஒருவரே எல்லா வகுப்புக்கும் பாடம் சொல்லி, வருகைப் பதிவேடும் எழுதி, மணியும் அடிப்பதைப் போன்றது அதன் உழைப்பு. அவர் மாற்றலாகிப் போன பிறகே, அவர் செய்த வேலைகள் எத்தனை என்பது ஊருக்குத் தெரியவரும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒன்றே செய்வதால் எதையும் பூரணமாகச் செய்ய முடிவதில்லை. ஆக்ஸிலைப் பிடித்து வைக்கப் பட்டை விறைப்பாக இருக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் ஆழ இறங்க அது நெகிழ்வாக இருக்க வேண்டும். பல வருஷம் சேற்றிலும் மழையிலும் ஓடிய வண்டியில் பட்டைகளுக்கிடையே துரு ஏறி, அடுக்கு முழுவதும் ஒரே கட்டையாக இறுகிவிடுவதும் உண்டு. அப்போது மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க நேரிடுகிறது. ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியலின் சுபாவமோ, எதிர்ப்புக் குறைந்த பக்கத்துக்கே சுழற்சியை விட்டுக்கொடுப்பது. ஆகவே தொங்கும் சக்கரம் வீணே சுழல, தரையில் பதிந்த சக்கரம் அசையாமல் நிற்கும். காட்டு வழியில் வண்டி நின்றுபோவதற்கு இஞ்சினின் சக்திக் குறைவைவிட இதுவே பெரும்பாலும் காரணம். சுருள் ஸ்பிரிங்கின் மீது ஆசை பிறப்பதும் இதனால்தான்: அது ஆக்ஸிலின் ஒரு முனையை மேலேயும் மறு முனையைக் கீழேயும் தாராளமாகப் போகவிட்டு, நான்கு சக்கரங்களையும் மண்ணோடு இணைத்து வைக்கிறது.

அது அவ்வாறு விட்டுக்கொடுப்பதற்குக் காரணம், பாரம் தாங்குவதைத் தவிர வேறு பொறுப்பு அதற்கு இல்லாமையே. ஆக்ஸிலைப் பிடித்து வைக்கும் கடமையை ரேஞ்ச் ரோவர் வேறு உறுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. முன் ஆக்ஸிலின் இரு புறமும் இரண்டு கனத்த எஃகுக் கரங்கள் பின்னோக்கிச் சென்று சேஸியைப் பற்றுகின்றன. பக்கவாட்டு விலகலைத் தடுக்க, பான்ஹார்ட் கம்பி என்பது குறுக்கே ஒரு முனையில் சேஸியையும் மறு முனையில் ஆக்ஸிலையும் இணைக்கிறது. பின் ஆக்ஸிலில் கீழே இரண்டு கரங்களும், மேலே ஆங்கில ‘ஏ’ எழுத்தின் வடிவில் ஒரு சட்டமும் உண்டு. அச்சட்டத்தின் கூர்முனை, ஆக்ஸிலின் நடுவே ஒரு பந்து மூட்டில் வந்து பொருந்துகிறது. ஆட்டம் தணிப்பது முழுவதும் ஷாக் அப்சார்பரின் பொறுப்பாகிறது. ஆகவே ஸ்பிரிங்கை மாற்றப் புகுகிறவர் உண்மையில் ஸ்பிரிங்கை மாத்திரம் மாற்றுவதில்லை; பழைய பட்டை மௌனமாகச் செய்துவந்த ஒவ்வொரு காரியத்துக்கும் சேஸியில் ஒரு புதிய பிடிமானம் தேட வேண்டியவராகிறார்.

இங்கே மிகவும் அலட்சியப்படுத்தப்படும் விஷயம் ஸ்டியரிங். பான்ஹார்ட் கம்பி ஒரு முனையில் நிலைத்து மறு முனையில் அசைவதால், ஆக்ஸில் ஏறி இறங்கும்போது அது நேர்கோட்டில் செல்லாமல் ஒரு வில்வளைவில் செல்கிறது. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பியும் அப்படியே ஒரு வளைவில்தான் செல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளமாகவும் இருந்தால் இரு வளைவுகளும் ஒன்றிப் போகும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும், ஓட்டுகிறவர் கேளாமலே சக்கரம் திரும்பி, ஸ்டியரிங் கையில் வெடுக்கென்று இழுக்கும். பழைய லேண்ட் ரோவரின் ஸ்டியரிங் பான்ஹார்ட் கம்பியோடு கூடி வாழ்வதற்காக அமைந்ததன்று. ஆகையால் ஆக்ஸிலை எடுக்கிறவர்கள் ரேஞ்ச் ரோவரின் ஸ்டியரிங் பெட்டியையும் கூடவே எடுத்துக்கொள்வது உத்தமம். வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று நீளமான சுருளைப் போட்டு உயரத்தைக் கூட்டுவோருக்கு இன்னொரு சங்கடம் உண்டு: முன் கரங்கள் சாய்வதால் ஆக்ஸிலே சற்றுப் புரண்டு, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறைந்துவிடும்.

ஆக்ஸிலின் உள்ளே இருக்கும் கணக்கு வேறு. பழைய லேண்ட் ரோவரில் கிரவுன் பினியன் விகிதம் 4.7, ரேஞ்ச் ரோவரில் 3.54. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.33 வருகிறது. அதாவது இஞ்சின் அதே சுற்றில் ஓடும்போது வண்டி மூன்றில் ஒரு பங்கு அதிக வேகம் போகும். சக்கரத்தில் கிடைக்கும் இழுவையோ முக்கால் பங்காகக் குறையும். ரேஞ்ச் ரோவரின் 3.5 லிட்டர் வி8 இஞ்சினுக்கு இது தகும். லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், பாரத்தோடு செங்குத்தான ஏற்றத்தில் மூச்சுத் திணறும். டயர் அளவு மாறாதிருந்தால், வேகமானியின் முள் 45 மைல் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 60 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முள்ளுக்குச் செய்தி போவது ஆக்ஸிலுக்கு முன்னே உள்ள பெட்டியிலிருந்து. நல்லவேளையாக இவ்விரு வண்டிகளின் டிஃபரன்ஷியல் உருளைகள் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. ரேஞ்ச் ரோவர் ஆக்ஸிலுக்குள் பழைய 4.7 உருளையை வைத்துக்கொள்ளலாம். ஒரு நியமம் மட்டும் மீறத் தகாதது: முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால், நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் இரு ஆக்ஸில்களும் ஒன்றையொன்று முறுக்கி, கடினமான தரையில் ஷாஃப்டையோ பல்சக்கரத்தையோ உடைத்துவிடும்.

அகலமும் கவனிக்கத்தக்கது. பழைய வண்டியின் சக்கர இடைவெளி 51.5 அங்குலம், ரேஞ்ச் ரோவரினது 58.5. ஆகவே ஒவ்வொரு பக்கமும் டயர் மூன்றரை அங்குலம் வெளியே துருத்தும். கம்பெனியே 1983இல் இந்தச் சங்கடத்தைச் சந்தித்தது. ஒன் டென் வண்டியின் சக்கரங்களுக்கு மேல் புருவம் போலக் காணும் பிளாஸ்டிக் விளிம்பு அதன் விளைவு.

இனி, இதைச் செய்யும் மார்க்கங்கள். 100 அங்குலச் சக்கர அடித்தளமுடைய ரேஞ்ச் ரோவர் சேஸியில் 12 அங்குலத்தை வெட்டி நீக்கி, மீண்டும் வெல்டிங் செய்து, அதன்மேல் 88 அங்குல லேண்ட் ரோவரின் உடலை ஏற்றுவது ஒன்று. பழைய சேஸியிலேயே புதிய பிடிமானங்களை வெல்டிங் செய்வது மற்றொன்று. இரண்டிலும் உயிர் ஒரு வெல்டிங் கோட்டை நம்பியிருப்பதால், தேர்ந்த கைக்கே இவ்வேலையை ஒப்படைக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பிரிட்டனின் வாகனப் பதிவு அதிகாரிகள் நெடுங்காலம் கையாண்டு வந்த கணக்கில் சேஸிக்கு 5 புள்ளி, ஆக்ஸில்களுக்கு 2, ஸ்பிரிங் அமைப்புக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, கியர் அமைப்புக்கு 2, இஞ்சினுக்கு 1. பழைய பதிவெண் நிலைக்கக் குறைந்தது 8 புள்ளி தேவைப்பட்டது. ஆக்ஸில், ஸ்பிரிங், ஸ்டியரிங் மூன்றும் போனால் மிஞ்சியது சரியாக 8. அதற்கு மேல் சேஸியையும் வெட்டினால், அக்கணக்கின் பார்வையில் அது அந்த வண்டியாகவே இருக்கவில்லை.

இத்தனையும் வேண்டாம் என்பவருக்கு பாரபோலிக் பட்டை இருக்கிறது. நடுவில் தடித்து முனைகளை நோக்கி மெலியும் இரண்டு மூன்று பட்டைகளே கொண்ட அது, பட்டைகள் முழு நீளத்துக்கும் உராயாததால் மிருதுவாக இயங்குகிறது. உராய்வு போனதால் நல்ல ஷாக் அப்சார்பர் மட்டும் அவசியம். மலைப்பாதையில் சுமையேற்றி உழைக்கும் வண்டிக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். டார்ஜிலிங்கை அடுத்த மானேபஞ்சனிலிருந்து 3636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்கள் பட்டை ஸ்பிரிங்கோடுதான் அந்தக் கல்பாதையில் ஏறி வந்திருக்கின்றன.

சுருளையே தேர்ந்தவர், எல்லாம் பொருத்தியான பின், ஸ்பிரிங்குகளை மாட்டுவதற்கு முன்பாக ஒரு சோதனை செய்ய வேண்டும். சேஸியை உறுதியான முட்டுகளில் நிறுத்தி, ஸ்பிரிங் இல்லாத ஆக்ஸிலின் ஒரு முனையை ஜாக்கியால் ரப்பர் முட்டுவரை உயர்த்தி, மறு முனையை அது போகுமட்டும் தாழவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் உடலை உரசுகிறதா, பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடுகிறதா, தாழ்ந்த நிலையில் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தன் நுகத்தில் முட்டுகிறதா, ஷாஃப்டின் நீளம் போதுமா என்பவற்றையெல்லாம் விளக்கு வைத்துப் பார்த்து, பிறகு பக்கம் மாற்றியும் அப்படியே செய்ய வேண்டும். ரப்பர் முட்டின் உயரத்தைக் கூட்டுவதா, ஹோஸை நீளமாக்குவதா, ஷாஃப்டை மாற்றுவதா என்பது அங்கேயே தீர்மானமான பின்புதான் சுருள் ஸ்பிரிங்குகள் தத்தம் இடத்தில் ஏற வேண்டும்.