“எனக்கு ஒன்றுமில்லை”

“உடம்பு எப்படி இருக்கிறது?” என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், “எனக்கு ஒன்றுமில்லை” என்றே பெரும்பாலும் விடை வரும். தேவிகுளம், பீர்மேடு மலைகளில் கொழுந்து பறித்து ஓய்ந்த தாய்மாரும், சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வயல்களில் உழைத்துத் தளர்ந்த தந்தைமாரும் இதற்கு விலக்கல்லர். இவ்விடையை அப்படியே நம்பிவிடலாமா?

நாம் வாழும் கேரளம் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் கணக்கெடுப்புகளில் தமக்கு நோயுண்டு என்று மிகுதியாகச் சொல்வோரும் இங்குள்ளவரே. ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு. 2002ஆம் ஆண்டில் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டிய பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், கல்வியும் வைத்திய வசதியும் உள்ள இடத்தில் மக்கள் தம் நோயை அறிகின்றனர், அவை இல்லாத இடத்தில் நோயையே இயல்பென்று கொள்கின்றனர் என விளக்கினார். ஆகவே, சொல்லாமை சுகமாகாது.

“உடம்பு சரியில்லை” என்று முதியவர் சொன்னால், அதைப் புலம்பலென்று தள்ளுவதும் தவறே. கனடாவின் மானிட்டோபா மாகாணத்து முதியோரைப் பற்றி 1982இல் வெளியான ஆய்வின்படி, தம் உடல்நலம் மோசமென்று கூறியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம், மிக நன்றென்று கூறியவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அவரவர்க்கு இருந்த நோய்களைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேற்றுமை நீங்கவில்லை.

என் தாயார் முதிய வயதில் பாலக்காட்டுக்கு வந்து என்னுடன் தங்கினார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் மலையாளத்தில் கூறியது அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்க நாணினார். தலைவலி கண்ட நாளில் மட்டும் மாத்திரையை உண்டு வந்தார். அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகே உண்மை தெரிந்தது. பின்னர் ஒரு செவிலி அருகில் அமர்ந்து, தமிழில் பொறுமையாக விளக்கினார். அன்றுமுதல் அம்மா அவரைத் தேடித் தாமே செல்லலானார். மாத்திரை மாறவில்லை, நம்பிக்கை பிறந்தது.

கேரள அரசு 2008இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. அதன்வழி, படுக்கையிலுள்ள நோயாளியின் வீடு தேடிச் செவிலியர் செல்கின்றனர். இத்தகைய உதவி இருந்தும், வாய் திறவாதவர்க்கு அது எட்டுவது எங்ஙனம்?

சங்க அன்பர்களே! பெரியவர்களைத் தனியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். உடன் சென்று கேளுங்கள். விளங்காவிடில் மறுமுறையும் கேளுங்கள். மாத்திரை உறையின்மேல் வேளையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். “ஒன்றுமில்லை” என்று அவர்கள் சொன்னால், இன்னும் சற்று நேரம் அருகில் அமர்ந்திருங்கள்.