அறுபதைத் தாண்டியும் ஓய்வு பெறாத கோபால்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் சொசைட்டியில் குடியிருக்கும் ஓர் அம்மாள் கவலையோடு வந்தார். "சார், எங்க பொண்ணைக் கோபால்ல போட்டுட்டாங்க. வேலையை விட்டுடறேங்கிறா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். கோபால் யாரோ கெடுபிடியான மேனேஜர் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆள் எப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். "ஆள் இல்லை மாமா, கம்ப்யூட்டர் பாஷை. உங்க வயசு இருக்கும் அதுக்கு."

பூனாவில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம். கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் புதுப்புது பாஷைகள்; இவளுக்கு மட்டும் மெயின்பிரேம் எனப்படும் பெரிய கம்ப்யூட்டரில் பயிற்சி. "செத்துப் போன பாஷையைப் படிச்சா என் எதிர்காலமும் அதோட போயிடும் மாமா" என்றாள்.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. நான் பாலமும் தண்டவாளமும் பார்த்த டிப்ளமோ என்ஜினீயர். ஒரு மாதம் புத்தகங்களையும் பழைய நண்பர்களையும் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டதை அவளுக்குச் சொன்னேன். நம் சங்கக் குடும்பங்களில் இதே குழப்பத்தில் இன்னும் சிலர் இருக்கலாம் என்பதால் இங்கும் எழுதுகிறேன். பெயர்க் குழப்பம் வேண்டாம். இனி 'கோபோல்' என்றே குறிப்பிடுகிறேன்.

பிறந்த கதை

1950-களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் ஒரு தனி பாஷை. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. மீட்டர்கேஜில் வந்தவர்கள் பிராட்கேஜுக்கு மூட்டை முடிச்சோடு இறங்கி மாறிய கதைதான். 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பென்டகன் கட்டடத்தில் அரசு அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் கூடி, வியாபாரக் கணக்குகளுக்குப் பொதுவான ஒரு பாஷை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் முன்பே உருவாக்கியிருந்த 'ஃப்ளோமேடிக்' இதற்கு முக்கிய ஆதாரமாயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் புரோகிராமை யூனிவாக் 2, ஆர்சிஏ 501 என்ற இரு வேறு கம்பெனி இயந்திரங்களில் ஓட்டிக் காட்டினார்கள்.

இதற்குள் ஒரு வேடிக்கை. கமிட்டி வேலை இழுத்துக்கொண்டே போனதில் அலுத்துப்போன ஹோவர்ட் பிராம்பர்க் என்ற ஆர்சிஏ கம்பெனிக்காரர், 'கோபோல்' என்று பெயர் செதுக்கிய கல்லறைக் கல் ஒன்றை வாங்கிப் பென்டகனுக்கே அனுப்பி வைத்தார். அந்தக் கல் இன்று கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. குழந்தை நடக்கத் தொடங்குமுன்பே கல்லறைக் கல் தயார்! "செத்த பாஷை" என்ற பேச்சு அன்றிலிருந்தே உண்டு.

பாஷையின் அமைப்பு

மிகை நேரப் படியைச் சம்பளத்தோடு கூட்ட வேண்டுமானால் 'ஆட் ஓவர்டைம் டு பே' என்று எழுதினால் போதும். கணக்குத் தெரிந்த குமாஸ்தாவும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

அந்நாளில் புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றுவார்கள். ஓர் அட்டையில் 80 கட்டங்கள். அட்டைக் கட்டு கை தவறி விழுந்தால் மறுபடி அடுக்குவதற்காக முதல் 6 கட்டங்களில் வரிசை எண். புரோகிராம் 8-ஆம் கட்டத்தில் தொடங்கி 72-இல் முடியும். அட்டைகள் மறைந்த பின்பும் பழைய கோபோல் புரோகிராம்கள் இதே கட்டுக்கோப்பில்தான் இருக்கின்றன. 2002-ஆம் ஆண்டின் தர நிர்ணயம் இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது.

வங்கிகள் இதை விரும்பியதற்கு வேறு காரணமும் உண்டு. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எண்ணுவது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதிக்கொண்டே போனாலும் முடியாததுபோல, அந்த இரண்டு இலக்க முறையில் பத்துப் பைசாவைச் சரியாக எழுத முடியாது. துளி மிச்சம் நிற்கும். கோடிக்கணக்கான வரவு செலவில் அந்தத் துளி சேர்ந்தால் கணக்கு உதைக்கும். கோபோலில் ரூபாய்க்கு இத்தனை இலக்கம், பைசாவுக்கு இரண்டு இலக்கம் என்று முன்னதாகவே வகுத்து, நாம் பேரேட்டில் போடுவதைப் போலவே பத்தின் கணக்கில் கூட்டலாம். பிற பாஷைகளிலும் இதற்கு வழி உண்டு. கோபோலுக்கோ இது பிறவிக் குணம்.

ஏன் மாற்றவில்லை?

2017-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 22,000 கோடி வரி கோபோல் உபயோகத்தில் இருந்தது. ஏடிஎம் கார்டு பரிவர்த்தனைகளில் 95 சதவீதம் கோபோலை நம்பி நடந்தது. கணக்கில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விஷயம் பெரிது.

"புதிதாக எழுதிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் நமக்கெல்லாம் தெரியும். லோக்கல் வண்டிகளைச் சில மணி நேரம் நிறுத்திவிட்டு லைனில் வேலை பார்ப்போம். வங்கிக்கு அப்படி பிளாக் கிடைப்பது அரிது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாலத்தின் கர்டரை மாற்றுகிற வேலை அது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி இந்த வேலையைச் செய்து முடித்தது. ஆனது ஐந்தாண்டு, செலவு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

இரண்டு அழைப்புகள்

அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழக்கத்தால், 2000 வந்ததும் கம்ப்யூட்டர் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. அந்தத் திருத்த வேலைக்காக 1990-களின் இறுதியில் நம் பிள்ளைகள் பலர் விமானம் ஏறினார்கள்.

அடுத்தது 2020 ஏப்ரல். கொரோனாவால் வேலையிழந்தோரின் உதவி மனுக்கள் குவிந்தபோது, நியூஜெர்சி கவர்னர் பில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். பழியெல்லாம் கோபோல் மேல் விழுந்தது. ஆனால் தடுமாறியது மக்கள் மனுப் போடும் முகப்புப் பகுதி. பின்னாலிருந்த கோபோல் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று கணினி வரலாற்றாளர் மார் ஹிக்ஸ் அதே ஆண்டில் எழுதினார். குறை பாஷையில் இல்லை, பராமரிக்க ஆள் வைக்காததில் என்பது அவர் வாதம்.

புதிய செய்திகள்

செத்த பாஷைக்குப் புதிய செய்தி இருக்காது. கோபோலுக்கு இருக்கிறது. 2023-இல் இதன் சர்வதேசத் தர நிர்ணயம் புதுப்பிக்கப்பட்டது. எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்களில் இலவசமாகக் கிடைக்கும் 'குனூ கோபோல்' 3.2 பதிப்பு அதே ஆண்டில் வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான ஜிசிசி 15 என்ற புகழ்பெற்ற கம்பைலர் தொகுப்பிலும் கோபோல் சேர்க்கப்பட்டது. கோபோலை ஜாவாவுக்கு மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் 2023-இல் அறிவித்தது. மாற்றிக் கொடுத்தது சரிதானா என்று பார்க்கவும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

பயிற்சிக்கும் பஞ்சமில்லை. 2020 அழைப்பை ஒட்டி, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஓப்பன் மெயின்பிரேம் திட்டம் ஐபிஎம்முடன் சேர்ந்து இலவசக் கோபோல் பாடத்தை வெளியிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம்.

படிப்பவர்களுக்கு நான் தெரிந்துகொண்ட வரையில் மூன்று யோசனைகள். ஒன்று, பாஷை சில வாரங்களில் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள ஜேசிஎல், சிஐசிஎஸ், டிபி2 ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு, ஜாவா, பைத்தான் போன்ற ஒரு புதுப் பாஷையையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் இணைப்பதுதான் பெரும்பாலும் வேலை. மூன்று, வட்டி எப்படிக் கணக்காகிறது, இன்ஷூரன்ஸ் எப்படி நடக்கிறது என்ற தொழிலறிவு. முப்பது வருஷப் புரோகிராமுக்குள் இருப்பது இந்த விதிகள்தாம். அதை எழுதியவர் ஓய்வு பெறுமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். என் பிரிவில் ஒரு கேங் மேட் இருந்தார். எந்தச் சிறு பாலத்தில் எவ்வளவு மழைக்குத் தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினேன். அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஓர் இரவு முழுவதும் டார்ச் விளக்கோடு லைனில் அலைந்தபோதுதான் புத்தி வந்தது.

கிரேஸ் ஹாப்பரும் 1966 இறுதியில் 60 வயதில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். கடற்படையின் கோபோல் குழப்பத்தைச் சரிசெய்ய 1967-இல் ஆறு மாதத்துக்கு என்று திரும்பக் கூப்பிட்டார்கள். கடைசியாக விடைபெற்றது 1986-இல், 79 வயதில்!

எல்லோரும் கோபோல் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை வாய்ப்பு பெரும்பாலும் வங்கி, இன்ஷூரன்ஸ், அரசாங்கம் என்ற வட்டத்துக்குள்தான். ஆனால் தேடி வந்த பயிற்சியைப் 'பழசு' என்ற ஒரே காரணத்துக்காக உதறுவது சரியில்லை.

அந்தப் பெண் இரண்டு வருஷம் பார்க்கிறேன் என்று இருந்துவிட்டாள். ஓய்வு பெறப்போகும் சீனியர் ஒருவரிடம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்கிறாளாம். போன வாரம் அவள் அம்மா மார்க்கெட்டில் எதிர்ப்பட்டுச் சொன்னார்: "கோபால் பரவாயில்லையாம் சார். பழகப் பழகச் சரியாப் போச்சாம்."