கயிற்றின் மறுமுனை

ஒரு ஆள் உள்ளே இறங்கி வேலை செய்யும் அளவுக்கு இடம் இருக்கும். ஆனால் நுழையவும் வெளியேறவும் வழி குறுகல். காற்று தானாக வந்துபோக வாய்ப்பு இல்லை. மனிதர் தங்குவதற்கென்று கட்டிய இடமும் அல்ல. இப்படிப்பட்டதைத்தான் தொழிற்பாதுகாப்புத் துறையினர் ‘அடைபட்ட இடம்’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல், கழிவுநீர் பம்பிங் நிலையத்தின் சேகரிப்புக் கிணறு, வீட்டு செப்டிக் டேங்க், அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி சம்ப், கொல்லைப்புறத்து உறைகிணறு, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் இருட்டுக்குள் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடை என்று எல்லாம் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன.

சாலை மட்டத்தில் சேறு அள்ளுவது அழுக்கான வேலை. அதே சேற்றை மூன்று மீட்டர் ஆழத்தில் அள்ளுவது உயிர் போகக்கூடிய வேலை. வேலை மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கேரளத்தில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரு கிணறோ ஒரு செப்டிக் டேங்க்கோ இருப்பதால் இந்த வேறுபாடு ஆலைகளுக்கும் நகராட்சிகளுக்கும் மட்டும் உரியதாக நின்றுவிடாமல் வீட்டுக்காரர் வரை வந்து சேர்கிறது.

இத்தகைய இடங்களில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காற்றுதான். செய்தித்தாள்கள் ‘விஷவாயு தாக்கி’ என்று ஒரே தொடரில் எழுதிவிடுகின்றன. உள்ளே நடப்பது மூன்று வேறு சங்கதிகள்: ஆக்சிஜன் குறைவது, நச்சு வாயு சேர்வது, தீப்பற்றும் வாயு சேர்வது. சில குழிகளில் மூன்றும் ஒன்றாகக் காத்திருக்கும்.

சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் முதல் எதிரி ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் படாத சேற்றில் கழிவு அழுகும்போது பாக்டீரியாக்கள் இதை உண்டாக்குகின்றன. காற்றைவிடச் சற்றுக் கனம் என்பதால் அடியிலேயே தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், இருப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருந்த எல்லை 10 பிபிஎம். 100 பிபிஎம் அளவை எட்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவைத் தாண்டும்போது முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, காற்று தெளிந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். உண்மையில் வாயு கூடியிருக்கும், மூக்கு செத்திருக்கும். 700 பிபிஎம்முக்கு மேல் போனால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும், சுவாசம் நின்றுவிடும். மூக்கை நம்பி இறங்கிய அனுபவசாலிகள் பலர் இறந்தது இப்படித்தான். அனுபவம் மூக்கைக் கூர்மையாக்கலாம். மரத்துப்போன மூக்குக்கு அதனால் பயன் இல்லை.

இந்த வாயு எப்போதும் சேற்றுக்கு மேலே திரண்டு நிற்பதும் இல்லை. மேன்ஹோல் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டு, கருவியில் அளந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இறங்கிய ஆள் மண்வெட்டியால் அடிச்சேற்றை ஒரு முறை புரட்டுவார். கறுத்த சேற்றிலிருந்து குமிழ்கள் பொங்கி வந்து, முழங்கால் உயரத்தில் வெடிக்கும். அதுவரை சேற்றுக்குள் சிறைப்பட்டுக் கிடந்த வாயு அப்போதுதான் வெளியே வருகிறது. இறங்கும்முன் ஒருமுறை அளந்தால் போதாது, வேலை முடியும் வரை கருவி ஆளின் மார்பிலேயே இருக்க வேண்டும் என்ற விதி இதனால் வந்தது.

கிணற்றில் கதை வேறு. அங்கே நாற்றமே இருக்காது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. 16 சதவீதத்தில் தலை கிறுகிறுக்கும், முடிவெடுக்கும் திறன் குழம்பும். 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பும். நெடுநாள் இறைக்காமல் கிடந்த கிணற்றில் இலையும் சருகும் மட்கி ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. அவற்றிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தண்ணீர் மட்டத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத குளமாகத் தேங்குகிறது. கோடைக் கடைசியில் தூர் வார இறங்கியவர், விழுந்த ஆட்டைத் தூக்க இறங்கியவர், மோட்டார் பழுது பார்க்க இறங்கியவர் என ஆண்டுதோறும் வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தக் குளத்தில் மூழ்கியவர்களைப் பற்றியவை.

கயிற்றில் மெழுகுவத்தியையோ விளக்கையோ கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இன்னும் உண்டு. சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது என்ற அளவில் அது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும் வரை சுடர் எரியும். மனிதன் அதற்கு முன்பே தடுமாறத் தொடங்கிவிடுவான். நச்சு வாயு இருப்பதைச் சுடர் சொல்லாது. சாக்கடையிலோ மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்கு வித்தாகும். இலைக்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவதும், தண்ணீரை வாரி இறைப்பதும் காற்றைக் கொஞ்சம் கலக்கும். எவ்வளவு கலந்தது என்பதைக் கருவி ஒன்றுதான் சொல்லும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டிய சம்ப் அல்லது செப்டிக் டேங்க். அதற்குள் ஒரு சொட்டுக் கழிவு விழுந்திருக்காது. கான்கிரீட் இறுகுவதற்காகச் சில வாரங்கள் மூடி வைத்திருப்பார்கள். பிறகு சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் இறங்குவார், இறங்கியவர் எழுந்திருக்க மாட்டார். ஈரப் பலகையில் படரும் பூஞ்சையும் அழுகும் மரமும் மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. இரும்புத் தொட்டியில் துருவும் இதே வேலையைச் செய்யும். இன்னொரு தவறு, பெட்ரோலில் ஓடும் பம்ப்பைக் கிணற்றின் பாதி ஆழத்தில் வைத்து இறைப்பது. எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சினை அணைத்தாலும் அது உடனே மேலே ஏறிப் போய்விடாது.

காற்று மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2023 ஜூலையில் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலாவில், சுமார் 90 அடி ஆழக் கிணற்றில் பழைய உறையை மாற்றும் வேலையில் இருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மீது மண் சரிந்தது. ஊற்று நீர் பெருகியதும் மண் மறுபடி மறுபடி இறங்கியதும் மீட்பைத் தாமதப்படுத்தின. இரண்டு நாளுக்குப் பிறகு உடலைத்தான் எடுக்க முடிந்தது. கிணறு வெட்டவும் உறை இறக்கவும் எல்லை தாண்டிக் கேரளம் போகும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். உறையை எடுத்துவிட்டால் அதுவரை அது தாங்கியிருந்த மண்ணை வேறெதுவும் தாங்கவில்லை என்று பொருள். பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்குவது, தூண் இல்லாத கூரைக்குக் கீழே ஆளை நிறுத்துவதுதான்.

அடைபட்ட இடத்தில் வேலையைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இறங்காமலே முடிக்க முடியுமா என்பது. உறிஞ்சு லாரியும் ஜெட் லாரியும் நீளக் கழியும் செய்யக்கூடிய வேலைக்கு ஆள் எதற்கு? வேறு வழியே இல்லை என்றால் மட்டும் மற்ற ஏற்பாடுகள். அந்த இடத்துக்குள் எதுவும் வராதபடி அடைக்க வேண்டும். மேலிருந்து வரும் கழிவுநீரைத் திருப்ப வேண்டும், குழாய் வால்வை மூடிப் பூட்ட வேண்டும், மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துச் சாவியை இறங்குபவரிடமே கொடுக்க வேண்டும். பிறகு காற்று. ப்ளோயரின் குழாய் அடிமட்டம் வரை போக வேண்டும், குழியின் வாய்ப்பக்கம் வைத்து ஊதினால் மேற்காற்றுதான் சுழலும். சுத்த ஆக்சிஜனை உள்ளே விடவே கூடாது. துணியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

அதன்பின் அளவு. நான்கு வாயுவை ஒரே சமயத்தில் காட்டும் கையடக்கக் கருவிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் அவை சொல்லும். கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்திலும் சிறிது நேரம் நிறுத்தி அளக்க வேண்டும். மீத்தேன் மேலே நிற்கும், கார்பன் மோனாக்சைடு கலந்து நிற்கும், ஹைட்ரஜன் சல்பைடு கீழே படுத்திருக்கும். ஓர் ஆழத்தில் மட்டும் அளந்தவர் மற்ற இரண்டைப் பற்றி எதுவும் அறியார்.

இவை எல்லாம் முடிந்து, பொறுப்பாளர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வந்த பிறகே ஆள் இறங்கலாம். உடலில் முழு ஹார்னஸ், அதிலிருந்து மேலே முக்காலியில் மாட்டிய வின்ச் வரை கயிறு. மேலே ஒருவர், அவருக்கு வேறு வேலை கிடையாது. டீ வாங்கப் போகக் கூடாது, சேற்று வாளியை இழுக்கப் போகக் கூடாது, போன் பேசக் கூடாது. கீழே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வரத் தாமதமானால் காரணம் யோசிக்காமல் வின்ச்சைச் சுற்ற வேண்டும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இதைக் கிட்டத்தட்ட ஒரு காட்சியாகவே எழுதி வைத்திருந்தது. தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்றளித்திருக்க வேண்டும்; இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு பூட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அடுத்த பிரிவு 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை உள்ளே கொண்டுபோவதைத் தடுத்தது. சட்டம் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஆலைக்கு வெளியே வீட்டு வாசல்களில் அந்த மறுமுனையைப் பிடிக்க ஆள் இருப்பதில்லை. கயிறே பல இடங்களில் இருப்பதில்லை.

அந்தக் கயிறு இல்லாததன் விலையை இறங்கியவர் மட்டும் கொடுப்பதில்லை. அடைபட்ட இடச் சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் 1986இலேயே எச்சரித்தது. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் நடந்தது இதற்குக் கண்முன் சாட்சி. மேன்ஹோலில் ஆந்திரத்துத் தொழிலாளர்கள் இருவர் மயங்கி விழுந்தார்கள். அருகில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் அவர்களைத் தூக்கக் கை கொடுத்தார். மூவரும் இறந்தார்கள். அவருடைய மனம் பெரியது. ஆனால் கீழே இருந்த காற்று அவருக்கும் அதே காற்றுதான். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே இருப்பவர் செய்ய வேண்டியது, 101க்கோ 112க்கோ அழைப்பது, ப்ளோயர் இருந்தால் காற்றைச் செலுத்துவது, கயிறு இருந்தால் இழுப்பது. சுவாசக் கருவி இல்லாமல் இறங்குவது மட்டும் கூடாது. நெஞ்சு கேட்காத நேரத்தில் இதைச் சொல்வது கடினம். அதனால்தான் கயிற்றை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள்.

சாக்கடைக்கும் செப்டிக் டேங்க்குக்கும் தனிச் சட்டமும் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணியாளர் நியமனத்தைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் இவற்றைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதையே தடுக்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தவிர்க்கவே முடியாமல் ஆள் இறங்கும் நேரத்துக்கும் அதன் விதிகள் வரம்பு வைக்கின்றன. ஒரு மேற்பார்வையாளர் உட்பட மூவராவது உடன் இருக்க வேண்டும். பகலில் மட்டுமே, ஒரே மூச்சில் 90 நிமிடத்துக்கு மேல் கூடாது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இறங்காமலே முடிப்பது என்ற முதல் கேள்விக்குத் திருவனந்தபுரத்திலிருந்தே ஒரு பதில் வந்தது. கோழிக்கோடு விபத்தால் உலுக்கப்பட்ட இளம் பொறியாளர்கள் சிலர் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், ‘பேண்டிகூட்’ என்ற ரோபோவை உருவாக்கியது. கேரளத் தண்ணீர் ஆணையத்தோடு இணைந்து 2018இல் அது தலைநகரத்து மேன்ஹோல்களில் இறங்கியது. சிலந்திபோல் கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும், கேமராவில் அடியைக் காட்டும், கையால் சேற்றை அள்ளி வாளியில் போடும். இயக்குபவர் சாலையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் கும்பகோணமும் கோயம்புத்தூரும் அதை வாங்கிப் பயன்படுத்தின. செப்டிக் டேங்க்குக்கென்று சென்னை ஐஐடி ‘ஹோமோசெப்’ என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. குறுகிய சந்துக்குள்ளும் கொல்லைக் கிணற்றடிக்கும் இவை இன்னும் வந்து சேரவில்லை. ரயில் பாதைக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தோடு, மேன்ஹோல் கணக்கிலேயே சேராதது.

2024 ஜூலை 13 காலை, ஆமையிழஞ்சான் தோட்டின் அந்தப் பகுதியில் குப்பை அள்ள ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறங்கினார். மழை பெய்து நீர் வேகமெடுத்து அவரைச் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டது. தீயணைப்புத் துறையின் முக்குளிப்பாளர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கொச்சியிலிருந்து வந்த கடற்படையினரும், பிளாஸ்டிக்கும் சேறும் இறுகிக் கிடந்த இருட்டுக்குள் தேடினார்கள். ஆள் இறங்கக் கூடாது என்பதற்காகவே உருவான ரோபோவும், இறங்கிய ஆளைத் தேட அங்கே கொண்டுவரப்பட்டது. அதன் கேமராவில் உடல்போல் ஏதோ தெரிந்தது. போய்ப் பார்த்தபோது குப்பை. 15ஆம் தேதி காலை, ரயில் நிலையத்தைத் தாண்டித் தகரப்பறம்பு பக்கம் தோட்டில் அவருடைய உடல் மிதந்தது.