மலைக்கொரு உறை, வயலுக்கொரு காலணி

விடுமுறைக்கு வால்பாறைக்குப் புறப்படும் அன்பு வாசகர்களே! பிள்ளைகளின் கால்களுக்கு என்ன அணிவிக்கப் போகிறீர்கள்?

மழைக்காலத்தில் அங்கே அட்டை ஏறும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில், முழங்கால்வரை எட்டும் உறையே அதற்குப் போதும்; மேலே நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். கடித்த அட்டையைப் பிடுங்காமல் நகத்தால் மெல்லத் தள்ளுங்கள். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. சற்று நேரம் கசியும், அஞ்ச வேண்டாம்.

‘கெய்ட்டர்’ எனும் கெட்டியான கணுக்கால் கவசம், அக்காலத்தில் வேட்டைக்காரர்களும் அணிந்தது. வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கிவிட்டபடியால், இன்று மலையேறுவோருக்கே அது தேவை. வாங்கும்போது துணியைவிடக் காலணிக்கு அடியில் செல்லும் வாரைக் கவனியுங்கள். பாறையில் உரசி முதலில் அறுவது அதுதான். கழற்றி மாற்றத்தக்க வாரே நல்லது.

என் கவலையோ மலையைப் பற்றியதன்று. எங்கள் கோட்டையூர்ப் பக்கத்தில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. அவை பெரும்பாலும் கடிப்பது பாதத்திலும் கணுக்காலிலும்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பிள்ளைக்கு உறை வாங்கும் அதே வீட்டில், இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் அத்தா வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறார்! மெல்லிய துணி உறை அவருக்கு உதவாது. முழங்காலை எட்டும் ரப்பர் பூட்ஸும் ஒரு டார்ச் விளக்கும் வாங்கிக் கொடுங்கள். அணியுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே தேள் புகுந்திருக்கலாம்.