படம் பிடிக்கப் புறப்படுமுன்

படம் பிடித்தல் இக்காலத்தில் யாவர்க்கும் எளிதாகிவிட்டது. 1839ஆம் ஆண்டு பாரிசு நகரிலே தாகேர் என்பாரின் நிழற்படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிட நேரம் அசையாதிருத்தல் வேண்டியிருந்தது. நாம் மாணவராயிருந்த காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். ஆதலின் ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்தோம். இன்றோ கைத்தொலைபேசி ஏந்திய சிறுவனும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவிடுகின்றான். எடுத்தல் எளிதாயிற்று, எண்ணுதல் மறந்துபோயிற்று. இதனை நாம் ஏட்டிலே கற்கவில்லை, பட்டே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் மாணவர் பன்னிருவருடன் நெடுந்தீவுக்குச் சென்றோம். குதிரைகள் தாமாகத் திரியும் வெளிகளும், முருகைக்கல் அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்கு மரமும் உள்ள அத்தீவு, கமரா பிடிப்போர்க்குப் பெருவிருந்து. ஆயின் யாதொரு திட்டமுமின்றிப் புறப்பட்டோம். குறிகட்டுவானில் வள்ளமேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் சென்று தீவை அடைந்தபோது உச்சிவேளை. குதிரைகளைக் காணுமுன்னரே பலருடைய கைத்தொலைபேசிகளில் மின் தீர்ந்துபோயிற்று. கொண்டுசென்ற தண்ணீரும் தீர்ந்தது.

பிற்பகலிற் பழங்கோட்டையின் இடிபாட்டை அடைந்தோம். நண்பர் யாவரையும் ஒரே படத்தில் அடக்க விரும்பிய மாணவன் ஒருவன், இடிந்த சுவரொன்றின்மேல் ஏறிக் கண்ணைக் கருவியிற் பதித்தபடி அடியடியாகப் பின்வாங்கினான். நாமோ அவ்வேளையில் வேறொரு மாணவனுக்கு ஒளியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். அவ்வழியே சென்ற தீவு முதியவர் ஒருவர், “நில்லும் தம்பி! பின்னுக்குக் கால் வையாதையும்!” என்று உரத்துக் கூவினார். அவன் திகைத்து நின்றான். குதிகாலின் கீழிருந்த கல்லொன்று பெயர்ந்து ஓசையுடன் வீழ்ந்தது. இன்னும் ஓர் அடி வைத்திருப்பானாயின், அவனுடைய தாய்க்கு நாம் யாது விடை கூறியிருப்போம்? அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. தவறு மாணவனுடையதன்று, திட்டமிடாது அழைத்துச் சென்ற எம்முடையதே.

ஒரு செயலைத் தொடங்குமுன் ஆராய்தலின் பொருட்டுத் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரத்தையே வகுத்தார் வள்ளுவர். மறுமுறை செல்லுமுன் வகுப்பறையிலே மாணவரைக் கூட்டி, அவ்வாறே ஆராய்ந்தோம்.

முதலாவது, காலம். சோளகம் வலுத்து வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். மாரியில் மழை தடுக்கும். ஆதலின் மாசி மாதத்தைத் தெரிந்தோம். நண்பகல் வெயிலில் முகத்தை எடுத்தாற் கண்குழிகள் கருநிழலில் மறையும். காலையிலும் மாலையிலுமே ஒளி சாய்ந்து விழுந்து உருவங்களுக்குத் திரட்சி தரும். மாலையொளியை நாடினால் திரும்பும் வள்ளத்தைத் தவறவிட நேரும். எனவே மாலையைத் துறந்து, காலையின் முதல் வள்ளத்திலே செல்வதென முடிவு செய்தோம். வள்ளத்தில் யாவரும் உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டுமெனவும் விதித்தோம்.

இரண்டாவது, கருவி. முதல்நாள் இரவே மின்கலங்களை நிரப்பி, நினைவக அட்டைகளில் இடமுண்டாவெனப் பார்த்தோம். உப்புக்காற்றும் மணலும் வில்லைக்குப் பகை; அதனைத் துடைக்க மென்துணியும், கருவியை மூட உறையும் எடுத்தோம். தொப்பியும், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும், முதலுதவிப் பெட்டியும் மறவாது எடுத்துக்கொண்டோம். செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதி அனுப்பினோம்.

மூன்றாவது, ஒழுங்கு. இருவர் இருவராகவே செல்லுதல் வேண்டும். ஒருவன் படம் பிடிக்கையில் மற்றவன் அவனுடைய காலையும் சூழலையும் காத்தல் வேண்டும். கண் கருவியில் இருக்கும்போது கால் நிலத்தில் நிற்கவேண்டும். நகர விரும்பினால் முதலிற் கருவியைத் தாழ்த்தவேண்டும். இடிந்த சுவரில் ஏறலாகாது. குதிரையின் பின்புறம் அணுகலாகாது. புகையிரதப் பாதையில் நின்று படம் எடுப்போர்க்கும் கடற்பாறையில் ஏறுவோர்க்கும் இவ்விதியே பொருந்தும்.

நான்காவது, பிறர் உரிமை. வலை செப்பனிடும் மீனவரையும் முற்றத்தில் நிற்கும் பெண்களையும் அவர்தம் இசைவின்றி எடுத்தல் பண்பன்று. கோயிலினுள்ளே எடுக்குமுன் ஆங்குள்ளாரைக் கேட்டல் வேண்டும். கடற்படையினரின் இடங்களை எடுக்கலாகாது. வானிற் பறக்கும் கமராவுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டென்பதையும் மாணவர் அறிதல் நன்று.

இவ்வாறு சென்ற இரண்டாம் பயணத்தில், முன்னர்ச் சுவரில் ஏறிய அதே மாணவன் காலை வேளையில் குதிரைக் கூட்டமொன்றைக் கண்டான். வெகுதூரத்திலேயே நின்று, மூடுபொறியின் வேகத்தை வினாடியின் 1/500 பங்காக அமைத்துக் காத்திருந்தான். அவன் பின்னே தோழன் காவல் நின்றான். அரைமணி நேரங் கழித்துத் தாயும் குட்டியும் ஓடின. அவன் எடுத்தவை மூன்றே படங்கள். அவற்றுள் ஒன்று இன்று எம் கல்லூரி வாசிகசாலைச் சுவரை அணிசெய்கின்றது.

திரும்பும் வழியில் அம்முதியவரைத் தேடிக் கண்டு, மாணவன் அப்படத்தைக் காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதைத் தூர நிண்டே எடுத்தனீர்?” என்று கேட்டார். அவன் தலையசைத்தான். எமக்கு அதனினும் பெரிய பரிசு வேறில்லை.

மாணவர்காள்! தவறிய படத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப் போன பிள்ளை மாலையில் வீடு திரும்புதலே முதல் வெற்றி. நல்ல படம் அதற்கு அடுத்ததே.