கத்தியும் கணக்கும் – 9: கத்தி பட்டால் பரவுமா?

“கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?”

புற்றுநோய் வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை. கூட வந்த மாமாவோ மூத்த மருமகனோ கேட்பார். “அப்படியெல்லாம் ஒன்றுமில்லை” என்பார் மருத்துவர். அதில் சமாதானம் ஆகிறவர்கள் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவார்கள். ஆகாதவர்கள் நாட்டு மருந்து, பத்தியம் என்று அலைந்துவிட்டு, கட்டி உடைந்து புண்ணான பிறகு அதே வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அதற்கு அடியில் உருப்படியான கேள்விகள் சில கிடக்கின்றன. கத்தி வைக்கிற அந்தச் சில நிமிடங்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? எப்போது வெட்ட வேண்டும்? எவ்வளவு வெட்ட வேண்டும்? வெட்டாமலே விட வேண்டிய நேரம் எது? புது மருந்து விற்கும் கம்பெனிக்கு இந்தக் கேள்விகளால் காலணா லாபம் கிடையாது. ஆகவே இவற்றைக் கையில் எடுக்கவும் ஆள் குறைவு. எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்து விடை தேடிய இடங்களில் ஒன்று, மும்பை பரேலில் இருக்கும் டாடா நினைவு மருத்துவமனை.

1941இல் திறக்கப்பட்ட மருத்துவமனை அது. 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. பீகார், உத்தரப்பிரதேசம், வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி வரும் குடும்பங்கள் எதிரே நடைபாதையில் படுத்துக் கிடப்பது பரேலில் அன்றாடக் காட்சி. அத்தனை கூட்டத்தில் ஆராய்ச்சி செய்ய நேரம் ஏது என்று தோன்றலாம். உண்மையில் அந்தக் கூட்டம்தான் ஆராய்ச்சியைச் சாத்தியமாக்கியது. மேலைநாட்டு மருத்துவமனை ஒன்று பத்து வருடத்தில் பார்க்கிற வாய்ப்புற்று நோயாளிகளை இங்கே வெகு சீக்கிரம் பார்த்துவிடுகிறார்கள். உலகின் வாய்ப்புற்று நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவர் இந்தியர். காரணம் ஊரறிந்தது: புகையிலை, பாக்கு, குட்கா, பீடி.

நாக்கின் ஓரத்திலோ கன்னத்தின் உட்பக்கத்திலோ சிறியதாக ஒரு புற்று. அதை வெட்டி எடுப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சண்டையெல்லாம் கழுத்தைப் பற்றித்தான். வாயிலிருந்து கிளம்பும் புற்றுச் செல்கள் முதலில் போய்த் தங்குவது கழுத்தில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில். நெறி கட்டுவது என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த முடிச்சுகள். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் தெரியாது. ஆனாலும் சிலருக்கு உள்ளே சில செல்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும்.

வாயில் ஆபரேஷன் செய்யும்போதே கழுத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடலாமா, நெறி கட்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாமா? அரை நூற்றாண்டாக மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முன்கூட்டியே எடுத்தால், கழுத்தில் நோயே இல்லாத பலரை வீணாக அறுத்தவர்கள் ஆவோம். அந்த ஆபரேஷனும் சும்மா இல்லை. தோளுக்குப் போகும் நரம்பு அடிபட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, தோள் சரிந்துபோகும். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு அது பிழைப்பையே பறிக்கிற விஷயம். காத்திருப்போம் என்ற கட்சிக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: நோய் கழுத்துக்கு வந்தால்தான் என்ன, அப்போது எடுத்தால் போயிற்று.

டாக்டர் அனில் டி’க்ரூஸ் தலைமையிலான குழு 2004இல் சோதனையைத் தொடங்கியது. ஆரம்பநிலைப் புற்று, கழுத்தில் நெறி தட்டுப்படாதவர்கள் மட்டும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஒரு குழுவுக்கு வாயோடு கழுத்தும். இன்னொரு குழுவுக்கு வாய் மட்டும். பிறகு தவறாமல் செக்கப்புக்கு வரவழைத்து, கழுத்தில் நோய் தெரிந்தால் அப்போது ஆபரேஷன். மொத்தம் 710 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 596 பேர் சேர்ந்திருந்தபோது, கண்காணிப்புக் குழு தலையிட்டுப் போதும் நிறுத்துங்கள் என்றது. வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது.

முதல் 500 பேரின் கணக்கு 2015இல் சிகாகோவில், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் ஆண்டு மாநாட்டுப் பிரதான மேடையில் வாசிக்கப்பட்டது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலும் வெளிவந்தது. கழுத்தை முன்கூட்டியே சுத்தம் செய்தவர்களில் மூன்று ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5. நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5 சதவீதம், மறுபக்கம் 45.9. எட்டுப் பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் ஒரு உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது என்று கணக்கு. புற்றுநோயில் கோடிகளைக் கொட்டிக் கொண்டுவரும் புது மாத்திரைகளில் பல இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. இங்கே புது மருந்தும் இல்லை, புது கருவியும் இல்லை. எந்த ஊர் அறுவை மருத்துவரும் செய்யத் தெரிந்த ஒரு பழைய ஆபரேஷன், அதைச் செய்கிற நேரம் மட்டும் மாறியது.

‘வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற கட்சி ஏன் தோற்றது? கழுத்தில் நோய் கைக்குத் தட்டுப்படும்போது அது முடிச்சின் உறையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் கசிந்திருந்தது பலருக்கு. அந்தக் கட்டத்தில் ஆபரேஷன் பெரிதாகிறது, பலன் சிறிதாகிறது.

சோதனை அதோடு முடியவில்லை. புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோது, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. கழுத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது என்பது உறுதியானதும், அதையே சின்னதாகச் செய்ய வழியுண்டா என்று மற்றவர்கள் தேடினார்கள். பிரான்சிலும் ஜப்பானிலும் நடந்த சோதனைகள் 2020, 2021ஆம் ஆண்டுகளில் வந்தன. நிணநீர் ஓடும் பாதையில் முதலில் நிற்கும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பது, அவை சோதனைச் சாவடி மாதிரி. அங்கே நோய் இருந்தால் மட்டும் கழுத்து முழுவதையும் திறப்பது. இரண்டு நாட்டிலும் இந்த வழி முழு ஆபரேஷனுக்குச் சளைக்கவில்லை. தோளும் கழுத்தும் முதல் மாதங்களில் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் இதற்குக் கதிரியக்கத் திரவமும் அதைக் கண்டறியும் கருவியும் தேர்ந்த நோய்க்குறியியல் கூடமும் வேண்டும். மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளுக்கு அது இன்னும் எட்டாத தூரம்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், வெட்டுவதே நல்லது என்று தோன்றும். அதே மருத்துவமனை மார்பகப் புற்றில் நேர் எதிரான விடையையும் கண்டது.

மார்பகத்தில் கட்டி, கண்டுபிடிக்கும்போதே எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறது. இந்த நிலையில் மார்பகக் கட்டியை எடுத்தால் ஆயுள் கூடுமா? கூடும் என்றுதான் பழைய மருத்துவமனைப் பதிவேடுகள் சொல்லின. அதில் ஒரு ஏமாற்று இருந்தது: தெம்பாக இருப்பவர்களைத்தான் மருத்துவர்கள் ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள், அவர்கள் எப்படியும் கூடுதல் நாள் இருந்திருப்பார்கள். டாக்டர் ராஜேந்திர பட்வேயின் குழு 350 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. 2015இல் வந்த முடிவு: ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.2 மாதம், செய்யாதவர்களுக்கு 20.5 மாதம். பலன் இல்லை. மார்பில் நோய் அடங்கியிருந்தது; ஆனால் தொலைவில் இருந்த நோய் ஆபரேஷன் செய்தவர்களிடம் சற்று வேகமாகவே வளர்ந்தது. துருக்கியில் நடந்த ஒரு சோதனை இதற்கு மாறாகச் சொன்னது. பிறகு வந்த அமெரிக்கச் சோதனையோ மும்பையின் பக்கம் சாய்ந்தது.

தொலைவில் இருந்த நோய் ஏன் வேகம் பிடித்தது? இங்கேதான் மருமகனின் கேள்வி ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைகிறது. ஆபரேஷன் என்பதே உடம்புக்கு ஒரு காயம். காயம் பட்டால் அழற்சி உண்டாகும், நரம்புகள் தூண்டப்படும், வளர்ச்சிக்கான சமிக்ஞைகள் கிளம்பும். கட்டியைக் கையாளும்போது சில செல்கள் ரத்தத்தில் கலக்கவும் வாய்ப்புண்டு. அந்தச் சில நிமிடங்களில் ஏதாவது செய்து இதைத் தடுக்க முடியுமா?

பட்வே குழுவின் முதல் முயற்சி ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி. சுமார் ஆயிரம் பெண்கள். 2011இல் வெளியான முடிவில், மொத்தமாகப் பார்த்தால் பலனில்லை. அக்குளில் நோய் பரவியிருந்தவர்களிடம் மட்டும் ஓரளவு தெரிந்தது. இப்படி ஒரு பிரிவில் மட்டும் தெரியும் பலனை நம்பிக் கொண்டாடக் கூடாது. அவர்களும் கொண்டாடவில்லை.

அடுத்து எடுத்தது லிக்னோகெயின். பல் பிடுங்கப் போனால் ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி. சைலோகெயின் என்றால் பலருக்கும் தெரியும். 1943இல் ஸ்வீடனில் உருவாக்கிய மருந்து, காப்புரிமை எல்லாம் எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. புற்றுச் செல்களின் மேற்பரப்பில் சோடியம் வாயில்கள் இருக்கின்றன; செல் இடம்பெயர அவை உதவுகின்றன. நரம்பை மரத்துப்போகச் செய்ய லிக்னோகெயின் அடைப்பதும் அதே வகை வாயில்களைத்தான். அப்படியானால் கட்டியைச் சுற்றிலும் அந்த ஊசியைப் போட்டுவிட்டு வெட்டினால்?

2011 டிசம்பரில் ஆரம்பித்த சோதனை பத்து ஆண்டு நீண்டது. இந்தியாவின் 11 மையங்கள், 1,600 பெண்கள். எல்லோருக்கும் ஆரம்பநிலை மார்பகப் புற்று. பாதிப் பேருக்கு, மயக்கம் கொடுத்த பிறகு கட்டியின் எல்லாப் பக்கமும் அரை சதவீத லிக்னோகெயின், அதிகபட்சம் 60 மில்லி. ஏழு முதல் பத்து நிமிடம் பொறுத்திருந்து பிறகு கத்தி. மீதிப் பேருக்கு நேரடியாக ஆபரேஷன். அதற்குப் பின் இரு குழுவுக்கும் ஒரே சிகிச்சைதான்.

2022இல் பாரிஸில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் பட்வே வாசித்த எண்கள் இவை: ஐந்து ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் 86.6 சதவீதம், போடாத குழுவில் 82.6. உயிரோடு இருந்தவர்கள் 90.1 சதவீதம், மறுபக்கம் 86.4. ஊசியால் பக்கவிளைவு எதுவும் இல்லை. செலவு நூறு ரூபாய்க்குள்.

நூறு ரூபாயில் நான்கு சதவீத உயிர்கள் என்றதும் செய்தித்தாள்கள் துள்ளின. மருத்துவ உலகம் அவ்வளவு துள்ளவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. ஊசி போடாத குழுவுக்கு வெறும் உப்புநீர்கூடச் செலுத்தவில்லை. ஆகவே பலன் லிக்னோகெயினால் வந்ததா, கட்டியைச் சுற்றித் திரவம் ஏற்றியதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. யாருக்கு ஊசி போட்டோம் என்பது அறுவை மருத்துவருக்குத் தெரிந்தே இருந்தது. இன்னொரு பெரிய சோதனை இதை உறுதிசெய்யும்வரை காத்திருப்போம் என்பவர்கள் சொல்வதில் பிழையில்லை. அந்த இன்னொரு சோதனைக்கு யார் பணம் போடுவார்கள் என்பதுதான் சிக்கல். லிக்னோகெயினை விற்றுக் கொழிக்க உலகில் எந்தக் கம்பெனியும் காத்திருக்கவில்லை.

மாமாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஊசி போடாமல் நேரே கத்தி வைத்த பெண்களில் 82.6 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கழித்தும் நோயில்லாமல் இருந்தார்கள். பரவும் என்று பயந்து கட்டியை மார்பிலேயே வைத்துக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு எண் கிடைக்கவே கிடைக்காது. ஊசி முனையால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கும் பயப்பட இந்தச் சோதனையில் ஒன்றுமில்லை. அந்தப் பயாப்ஸி இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்காது.

கத்தியைத் தாண்டி மருந்துக்கும் இதே கணக்குப் புத்தி போயிருக்கிறது. கீமோதெரபி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வாந்தி. அதைத் தடுக்க, மனநோய்க்குக் கொடுக்கும் ஓலான்சபைன் என்ற மாத்திரையைச் சேர்ப்பது உலக வழக்கம். அளவு பத்து மில்லிகிராம். வாந்தி நிற்கும், ஆனால் நோயாளி பகலெல்லாம் தூங்கி வழிவார், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டியிருக்கும். பரேலில் அதை நான்கில் ஒரு பங்காக, இரண்டரை மில்லிகிராமாகக் குறைத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவு: வாந்தி முழுமையாக அடங்கியவர்கள் குறைந்த அளவில் 45 சதவீதம், பழைய அளவில் 44. தூக்கக் கலக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதே போக்கில், நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த நோயெதிர்ப்பு மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் என்று, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். முழு அளவு கொடுத்திருந்தால் இன்னும் கூடியிருக்குமா என்று இந்தச் சோதனை கேட்கவில்லை. முழு அளவை வாங்க வசதியில்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பதுதான் அதன் கேள்வி.

அடுத்த வாரம் திண்டுக்கல் மாவட்டம், அம்பிளிக்கை. சமையலறை வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர்த்த கரைசலாகத் தொட்டுவைத்து, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 31,343 பெண்களின் கருப்பை வாயைப் பரிசோதித்த கதை.

(தொடரும்)