கடத்தப்பட்ட பிள்ளைகள் அல்லர்

2007 டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க் தெருக்களில் புதுமாதிரி விளம்பரங்கள் முளைத்தன. பிள்ளையைக் கடத்திவைத்துப் பணம் கேட்பவன் எழுதும் மிரட்டல் கடிதத்தின் வடிவம். உன் மகன் எங்கள் பிடியில் இருக்கிறான், அவனால் தன்னைக் கவனித்துக்கொள்ளவோ நாலு பேரோடு பழகவோ முடியாது என்பது ஒன்றின் சாரம். கீழே கையெழுத்து: ஆட்டிசம். வெளியிட்டது நியூயார்க் பல்கலைக்கழகக் குழந்தைகள் ஆய்வு மையம். சிகிச்சை கிடைக்காத பிள்ளைகள் மீது ஊரின் கவனத்தைத் திருப்பவே செய்தோம் என்றார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆட்டிசம் உள்ள சிறுவனும் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே!

எதிர்த்துக் கிளம்பியவர் ஆரி நீமன். ஆட்டிசம் உள்ள கல்லூரி மாணவர்; அந்த மாதம்தான் இருபது வயது நிறைந்தது. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஓர் அமைப்பை முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தார். மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டினார். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவும் சேர்ந்துகொண்டன. டிசம்பர் 19 அன்று விளம்பரங்களை மையம் விலக்கிக்கொண்டது.

ஆட்டிசம் உள்ளவர்களின் இந்தக் குரலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், தாமும் ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர். நீங்கள் கனவு கண்ட பிள்ளைக்காக அழுவதை, எதிரே நிற்கும் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள் என்று 1993இல் டொராண்டோ மாநாட்டில் பெற்றோரிடமே அவர் வாதிட்டார்.

பேச்சே வராத, தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளையை வளர்க்கும் தாய்மார்கள் இப்படிப்பட்டவர்களிடம் கேட்பதுண்டு: நன்றாகப் பேசுகிற நீங்கள் என் பிள்ளைக்காக எப்படிப் பேசலாம்? அந்தத் தாய்மார்களின் களைப்பை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேண்டனில் உள்ள ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையத்தைப் பாருங்கள். அங்கே தங்கியிருப்பவர்கள் சிலரின் உடலில் ஒரு கருவியைக் கட்டி, ஊழியர் தொலைவிலிருந்தே பொத்தானை அழுத்தி மின்அதிர்ச்சி கொடுக்கிறார்கள். நடத்தையைத் திருத்துவதாம்! 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைத் தடைசெய்தபோது, கருவி வேண்டும் என்று மையத்தோடு சேர்ந்து நீதிமன்றம் போனவர்களில் அங்குள்ளவர்களின் பெற்றோரும் உண்டு. 2021இல் தடை ரத்தானது. மின்அதிர்ச்சியை நிறுத்தச் சொல்லி ஆண்டுக்கணக்காகப் போராடிவருபவர்களின் முன்வரிசையில் நிற்பது, நன்றாகப் பேசுகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அதே ஆட்டிசம் உள்ளவர்கள்தான். பேச முடியாதவரின் வலி அவர்களுக்குப் புரியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்படித் தடைசெய்யும் அதிகாரம் அந்த நிர்வாகத்துக்கு உண்டு என்று 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 மார்ச்சில் தடை மீண்டும் முன்மொழியப்பட்டது. தடை என்னவானாலும், ஆட்டிசம் பற்றி முடிவெடுக்கும் எந்தக் குழுவிலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நாற்காலி போட்ட பிறகே மற்றவர்கள் உட்கார வேண்டும்.